இரண்டு சட்டித் தண்ணீர்

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று பள்ளியில் மரக்கன்று நடுவோம். ஆவணி முடிவதற்குள் அது காய்ந்துபோகும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பில் இருந்த பிள்ளைகளைத்தான் முதல் சில வருடங்கள் கோபித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, நாங்கள் நடுகிற மாதமே தப்பு. எங்கள் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை கொட்டும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்கு வருவதெல்லாம் காற்றுதான். அம்மியையே பறக்க வைக்கும் என்று சொல்கிற அந்த ஆடிக் காற்று மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. இது சமூக அறிவியல் புத்தகத்தில் வடகிழக்குப் பருவமழை என்ற தலைப்பில் இருக்கிறது, பிள்ளைகள் தேர்வில் சரியாகவே எழுதுகிறார்கள். அதை எழுதிய பிள்ளையே வெளியே வந்து காய்ந்த கன்றைத் தாண்டிப் போகிறாள். அவளுக்கும் தோன்றவில்லை, பாடம் நடத்திய எங்களுக்கும் தோன்றவில்லை.

இப்போது ஐப்பசியில் நடுகிறோம். ஜூன் 5 அன்று குழி மட்டும் எடுத்து வைக்கிறோம், போட்டோவுக்கு அது போதும்.

சுற்றுச்சூழல் கல்வி வேண்டும் என்பது புதிதாக யாரும் சொல்வதில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991லேயே பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கச் சொன்னது, 2003இல் பாடத்திட்டம் தயாரிக்கச் சொல்லி மறுபடி உத்தரவு போட்டது. 2005இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, இதைத் தனிப் பாடமாக ஒதுக்கி வைக்காமல் எல்லாப் பாடங்களோடும் கலந்து சொல்லித்தரச் சொன்னது. எனக்கு அது ரொம்பச் சரியாகப் படுகிறது. ஆனால் 'கலப்பது' என்றால் என்ன என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கணக்கில் மரத்தைப் பற்றி ஒரு கேள்வி, தமிழில் தூய்மை பற்றி ஒரு கட்டுரை, ஆங்கிலத்தில் நெகிழிப் பை பற்றி ஒரு பத்தி, இதைத்தான் கலப்பது என்று நினைத்திருந்தேன். போன வருடம் நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் அந்த நினைப்பு மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், சத்துணவு வேலை முடிந்து அடுப்பு ஓய்ந்த நேரமாகப் பார்த்து, சத்துணவு அக்காவிடம் கேட்டு இரண்டு எவர்சில்வர் சட்டிகளை அடுப்பில் ஏற்றினோம். ஒன்றில் அரை லிட்டர் மழைத் தண்ணீர், முந்தைய வாரம் மொட்டை மாடியில் அண்டா வைத்துப் பிடித்தது. இன்னொன்றில் அரை லிட்டர் பள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், நாங்கள் போர் தண்ணீர் என்போம். சுண்டச் சுண்டக் காய்ச்ச வேண்டியதுதான், வேறு வேலையே இல்லை. இருபத்திரண்டு பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்கள். தண்ணீர் வற்ற வற்ற போர் தண்ணீர்ச் சட்டியின் ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, அப்புறம் அதற்குக் கீழே இன்னொன்று, கடைசியில் அடிமட்டம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. தீயைத் தணித்த பிறகும் அது பட் பட்டென்று வெடித்துத் தெறித்தது. மழைத் தண்ணீர்ச் சட்டியில் எதுவும் இல்லை. உற்றுப் பார்த்தால் லேசாக ஒரு வளையம் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு பெண் ஆறின சட்டியை எடுத்து நகத்தால் சுரண்டி, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கரிக்குது டீச்சர், கசக்கவுஞ் செய்யுது" என்றாள்.

நகை எடை போடுகிற மாதிரி சின்னத் தராசு ஒன்று வைத்திருக்கிறேன். சுரண்டி எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் 0.9 கிராம். அரை லிட்டருக்கு 0.9 என்றால் லிட்டருக்கு 1.8 கிராம், அதாவது 1,800 மில்லிகிராம். குடிநீரில் கரைந்திருக்கிற உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நாங்கள் அந்தக் கடைசி விளிம்பில் இருக்கிறோம். ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால் வருடத்துக்கு எவ்வளவு உப்பு தொண்டை வழியாகப் போகிறது என்று கணக்குப் போடச் சொன்னேன். 1.8ஐ இரண்டால் பெருக்கி, அதை 365ஆல் பெருக்கினால் 1,314 கிராம். ஒரு பாக்கெட் உப்பு ஒரு கிலோ, அதற்கும் மேலே. தசமப் பெருக்கலில் எப்போதும் புள்ளியைத் தொலைக்கிற பையன் அன்றைக்குத் தொலைக்கவில்லை.

அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்போது ஒருத்தன் கேட்டான், "இது சாயத் தண்ணி உப்புங்களா டீச்சர்?"

நான் யோசிக்காமல் "ஆமா கண்ணு" என்றேன். சொன்னதோடு நிற்காமல், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்து கடைசியில் சாயக் கழிவு தேங்கும் தொட்டியாக ஆனது, வயலும் கிணறும் பாழானது என்று கால் மணி நேரம் பேசினேன். எனக்கு அந்த விஷயத்தில் கோபம் உண்டு. என் அப்பாரு (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) தோட்டம் நொய்யலை ஒட்டி இருந்தது, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தென்னை பட்டுப்போனதை நான் கண்ணால் பார்த்தவள்.

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பையன் சட்டியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டான். அன்றைக்கு அவன் அப்புறம் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் வண்டியை நிறுத்தும்போது தனியாக வந்து நின்றான். "எங்கப்பா சாயப்பட்டறைக்குத்தானுங்க டீச்சர் வேலைக்குப் போறாரு." அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் வீடுகளில் சம்பளம் திருப்பூரில் இருந்து வருகிறது. பனியன் கம்பெனி, தையல், செக்கிங், பிளீச்சிங், சாயம். இல்லாவிட்டால் விசைத்தறி. அது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் அப்படிப் பேசியிருக்கிறேன். அப்பாவின் வேலைதான் தண்ணீரைக் கெடுத்தது என்று ஒரு பிள்ளை வீட்டுக்கு நினைத்துக்கொண்டு போனால் அந்தப் பாடம் யாருக்கு என்ன செய்யும்?

அன்று இரவு உட்கார்ந்து யோசித்ததில் இன்னொன்றும் பிடிபட்டது. நான் சொன்னது அறிவியலாகவும் தப்பு. எங்கள் ஊர் ஆற்றில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்கள் பூமி கரும்பாறைப் பூமி. பாறை இடுக்கில் எவ்வளவோ காலமாகக் கிடக்கிற தண்ணீரைத்தான் ஆயிரம் அடிக்குப் போர் போட்டு எடுக்கிறோம், அதில் பாறையில் இருந்து கரைந்த உப்பு சாதாரணமாகவே இருக்கும். சட்டியில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்து இது சாயத்து உப்பு, இது பாறை உப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். "முந்தாநேத்து நான் சொன்னது தப்பு, இந்தச் சட்டியை மட்டும் வெச்சு அப்படிச் சொல்ல முடியாது, வேற தண்ணியோட ஒப்பிட்டாத்தான் ஏதாவது தெரியும்" என்றேன். சரி, அப்படியானால் எந்தெந்தத் தண்ணீர் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் ஒரு பாட்டில், ஒரு பெண்ணின் மாமன் தோட்டத்துத் திறந்த கிணறு, நொய்யல் கரையில் இருக்கிற ஒரு கிணறு, எங்கள் போர், மழைத் தண்ணீர். ஐந்து சட்டி. வாய்க்கால் தண்ணீரில் கொஞ்சம்தான் மிஞ்சியது, அது பவானிசாகரில் இருந்து வருகிற மலைத் தண்ணீர். திறந்த கிணறு எங்கள் போரை விடக் குறைவு. நொய்யல் கரைக் கிணறு எங்கள் போரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை வைத்தும் முழுசாக நிரூபித்துவிட முடியாது, ஆனால் இப்போது ஒரு கேள்விக்குப் பக்கத்தில் வந்திருக்கிறோம் என்று சொன்னேன். சுரண்டிய உப்பை வெள்ளைத் தாளில் ஒட்டி, எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை கிராம் என்று எழுதிச் சுவரில் மாட்டினோம். இன்னும் இருக்கிறது.

அந்தப் பையனிடம் ஒரு வேலை கொடுத்தேன். துணிக்குச் சாயம் ஏற்ற எதற்கு உப்பு போடுகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வா என்றேன். மூன்று நாள் கழித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். உப்பு போட்டால்தான் சாயம் துணியில் ஏறும், இல்லாவிட்டால் தண்ணீரிலேயே நின்றுகொள்ளும், வெளிர் நிறத்துக்குக் குறைவாக, கருப்புக்கும் கருநீலத்துக்கும் அதிகமாகப் போட வேண்டும், உப்பு துணியோடு போகாது, தண்ணீரோடுதான் வெளியே வரும். அவன் அப்பா சொன்னதற்குக் காரணத்தை நான் கரும்பலகையில் சொன்னேன். பருத்தி இழையும் சாயமும் தண்ணீருக்குள் ஒரே மாதிரி எதிர்மின் தன்மையோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும், உப்பு நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைக் குறைக்கிறது. ஏழாம் வகுப்புக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் எல்லார் உடம்பிலும் பனியன் இருந்தது.

அதே நோட்டில் கடைசிப் பக்கத்தில் அவன் இன்னொன்றும் எழுதியிருந்தான். 2011இல் பட்டறையெல்லாம் மூடியபோது அப்பாவுக்கு எட்டு மாதம் வேலை இல்லை, அம்மாவின் தோட்டை அடகு வைத்துச் சாப்பிட்டார்கள் என்று. அவன் அப்போது பிறக்கவே இல்லை. வீட்டில் சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடமாக இருந்தது. அந்த வருடம் ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு ஆகும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஆற்றையும் கிணற்றையும் இழந்த ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்காக வழக்கு நடத்திப் பெற்ற உத்தரவு அது. அதே உத்தரவில்தான் இந்தப் பையன் வீட்டுத் தோடு அடகுக்குப் போனது. இரண்டு பக்கமும் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர் அவர் வகுப்பில் இதை எடுத்துக்கொண்டு இரண்டு பீரியட் நடத்தினார், நீதிமன்றம், உரிமை, தொழில் என்று புத்தகத்தில் மூன்று பாடமாகக் கிடந்ததெல்லாம் ஒரே பேச்சில் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் என்ன மாறியது என்று ஒரு பிள்ளை கேட்க, சுத்திகரிப்பு நிலையங்கள், சவ்வூடு வடிகட்டி, கடைசியில் மிஞ்சுகிற உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பது எல்லாம் பேச்சில் வந்தது. "நாம சட்டியில காய்ச்சுனதத்தான் அங்க பெருசாச் செய்யறாங்களா?" என்று கேட்டாள் அந்த நாக்கில் வைத்துப் பார்த்த பெண். ஆமாம். அதேதான். காய்ச்சிப் பிரித்த உப்பைத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள், அப்படியும் கலப்பு உப்பு மிஞ்சி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

கொடுமணல் எங்களுக்குப் பக்கம்தான், நொய்யலின் வடகரை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இரும்பு உலை, கல்மணி செய்த பட்டறை எல்லாம் அங்கே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் அந்த ஊர்ப் பெயரே வருகிறது. வரலாற்று வகுப்பில் அதை எப்போதும் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவோம். இந்த முறை பிள்ளைகள் கேட்டது, அந்த உலைக்கு விறகு எங்கேயிருந்து வந்திருக்கும், எத்தனை மரம் போயிருக்கும் என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் பட்டறை வைத்துப் பிழைப்பது எங்கள் ஊருக்கு நேற்று வந்த பழக்கமில்லை என்பது அந்தப் பையனுக்கும் கேட்டது. அவன் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது.

தமிழ் ஆசிரியை இதைப் பார்த்துவிட்டுத் தனக்கென்று ஒரு வழி பிடித்தார். ஊர்ப் பெயர்களைப் பிரிக்கச் சொன்னார். ஊத்துக்குளியை ஊற்று, குழி என்று பிரித்தார்கள். புஞ்சைப் புளியம்பட்டி, நஞ்சை ஊத்துக்குளி என்று மண்ணின் தன்மையே பெயரில் நிற்கிற ஊர்கள் நம் பக்கம் நிறைய. வேலம்பாளையத்தில் வேல மரம். நன்செய், புன்செய் என்று இலக்கணத்தில் பண்புத்தொகைக்கு உதாரணமாக வருவதைப் பிள்ளைகள் அது வரைக்கும் சொல்லாகத்தான் படித்திருந்தார்கள். பஸ் போர்டில் தினமும் பார்க்கிற பெயருக்குள் அது இருந்ததைக் கண்டுபிடித்ததும் அந்த வாரம் முழுக்க வகுப்பில் அதே விளையாட்டு.

அப்புறம் அவர் கொறங்காட்டுக்குப் போனார். கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்டு வைக்கிற மானாவாரிக் காடு. காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் பார்க்கலாம். சுற்றிலும் கிளுவை முள் வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பாரு எழுபது வயதுக்காரர், ஒரு நாள் காலையில் கையில் ஒரு பிடி புல்லும் ஒரு கிளுவைப் போத்துமாகப் பள்ளிக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. புல்லின் கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதிக் காட்டி, "இதுதானுஞ் சாமி வெதை, மழை வந்தா இது தானா மொளைச்சுக்கும், நாம ஒழவு ஓட்டவே வேண்டியதில்ல" என்றார். வெள்வேல நெற்று கோடையில் உதிரும், வேறு தீவனம் இல்லாத மாதத்தில் ஆடு அதைத் தின்னும், ஆட்டுப் புழுக்கையோடு விதை வெளியே வந்து புது இடத்தில் முளைக்கும். காட்டை நாலு பாத்தியாக அடைத்து ஒன்றை மேய்த்து மற்றதை ஆறப் போட வேண்டும். ஒரே இடத்தில் மேய்த்தால் புல் செத்துவிடும். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னார். விதைப் பரவல், உணவுச் சங்கிலி, சுழற்சி முறை மேய்ச்சல் என்று என் புத்தகத்தில் வேறு வேறு பக்கங்களில் இருப்பதெல்லாம் அதில் இருந்தது. பிள்ளைகள் அவரிடம் அறுபத்து மூன்று சொற்களைச் சேகரித்தார்கள். புல், முள், மாட்டின் நிறம், மழையின் அளவு. நாங்கள் மில்லிமீட்டரில் சொல்கிற மழையை அவர் உழவு மழை என்று ஈரம் இறங்கிய ஆழத்தை வைத்துச் சொல்கிறார். இரண்டுமே அளவுதான். ஒன்று வானத்தில் இருந்து விழுந்ததைச் சொல்கிறது, மற்றது மண் வாங்கிக்கொண்டதைச் சொல்கிறது.

மழைக் கணக்கு என்றதும் ஒன்று. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரி தெரிந்தால் போதும், பரப்பளவுப் பாடம் முழுவதையும் மொட்டை மாடியில் நடத்திவிடலாம். எங்கள் கட்டடம் 12 மீட்டருக்கு 6 மீட்டர். 72 சதுர மீட்டர். 30 மில்லிமீட்டர் மழைக்கு 2,160 லிட்டர், 15 லிட்டர்க் குடத்தில் 144 குடம். எங்கள் பக்கம் வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் பெய்யும், அப்படியானால் 43,200 லிட்டர். அத்தனையும் குழாய் வழியாக ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் இந்தக் கணக்கை அப்படியே விண்ணப்பமாக எழுதி (கடிதம் எழுதும் பயிற்சி தமிழில் இருக்கிறது, அதுவே போதும்) ஊராட்சித் தலைவருக்குக் கொடுத்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.) கூட்டத்தில் படித்தும் காட்டினார்கள். ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் வடிகட்டியும் வந்தது. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் தொட்டிக்கு அடியில் சுண்ணாம்பு படியாது என்பது ஏழாம் வகுப்புக்குத் தெரியும்.

சக ஆசிரியர்கள் கேட்பது நேரம். நியாயமான கேள்வி. எமிஸில் (பள்ளி விவரங்களைப் பதிகிற அரசு இணையதளம்) ஏற்ற வேண்டியதை ஏற்றி, பாடத்தை முடித்து, திருப்புதல் வைத்து, இதற்கெல்லாம் எங்கே போவது? என் அனுபவத்தில் தனியாக நேரம் தேடினால் கிடைக்காது. நான் கூடுதலாக ஒரு பீரியட்கூட எடுக்கவில்லை. தசமப் பெருக்கல், பரப்பளவு, கரைசல், ஆவியாதல் எல்லாமே நடத்தியே ஆக வேண்டிய பாடங்கள், புத்தகத்தில் இருந்த உதாரணத்தை மட்டும் எங்கள் ஊர்த் தண்ணீராக மாற்றிக்கொண்டேன். ஒரே ஒரு விஷயத்தை, எங்களுக்கு அது தண்ணீர், வருடம் முழுக்கக் கைவிடாமல் பிடித்துக்கொண்டால் மற்ற ஆசிரியர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பத்து விஷயத்தைத் தொட்டால் பத்தும் போஸ்டரில் முடிந்துவிடும். பனிக்கரடியும் அமேசான் காடும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்தான், மறுக்கவில்லை. அதற்கு முன்னால் தான் குடிக்கிற குடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியட்டும்.

இந்த வருடம் அந்தப் பையன் எட்டாம் வகுப்பு. அவன் அப்பாவை வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன், சாயம் ஏற்றுவதையும் கழிவுநீரைச் சுத்தம் செய்வதையும் அவர் வாயாலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல. முதலில், "நமக்கு அதெல்லாம் பேசத் தெரியாதுங்க டீச்சர்" என்றார். ஐந்து சட்டி உப்பையும் சுவரில் பார்த்த பிறகு, நொய்யல் கரைக் கிணற்றுத் தாள் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். வருகிறேன் என்றார். அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதனால் ஹெச்.எம்.மிடம் கேட்டு இந்த ஞாயிறுக்குப் பள்ளிச் சாவியை வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டதற்கு வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. சத்துணவு அக்காவும் வருகிறாராம், சட்டி அவருடையது.